ரீகால் கடிதம் கையில் சிக்காமல் ஜவ்வாது மலையில் வண்டி ஓட்டுவது எப்படி?

இந்தக் கையேடு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ நாலு மீட்டர் நீளம், ஏறி உட்கார்ந்தால் ஊரே கீழே தெரிகிற உயரம், துணி காயப்போடக்கூட உதவாத இரண்டு கம்பிகள் கூரையில். இப்படி ஒரு சிறிய எஸ்யூவியை வைத்துக்கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தோடு இனி ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பஸ்தர்களுக்கு. வருடத்துக்கு ஒரு தடவை ஜவ்வாது மலை ஏறுகிறீர்கள். பீமன் அருவியில் குளியல், கோமுட்டேரியில் படகு, ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடந்தால் அதில் ஒரு சுற்று, இறங்கும்போது சாமையும் தேனும். இத்தனை நல்ல காரியத்துக்கு நடுவே, “உங்கள் வண்டியில் ஒரு பாகம் சரியில்லை, காசு வேண்டாம், கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்” என்று ஒரு கடிதம் வந்தால்? வண்டியை ஒரு நாள் முழுக்க சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டும். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வராமல் காப்பதுதான் என் வேலை.

அடிப்படை விஷயம் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரீகால் உங்கள் பெயரைத் தேடி வருவதில்லை. வண்டியின் சேஸிஸ் நம்பரைத் தேடி வருகிறது. பதினேழு எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அந்த நம்பர் ஆர்சியில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் தாளில் இருக்கிறது, வண்டியிலேயே அடித்தும் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் தளத்தில் அதைத் தட்டினால், உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடும். ஆகவே அந்த நம்பரை எங்கேயும் தட்டாதீர்கள். ஜாதகத்தை மட்டும் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

அடுத்து, வண்டி வாங்கும் முறை. ஷோரூமில் புதிதாக வாங்கினால் உங்கள் முகவரி, கைப்பேசி எண், மனைவியின் கைப்பேசி எண் எல்லாம் அவர்களிடம் போய்விடும், தப்ப முடியாது. கார் கன்சல்டிங்குக்குப் போங்கள். “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி” என்பார்கள். தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் இத்தனை வண்டிகளை விற்றுவிட்டு எதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் பழைய ஓனரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, தேதி போடாமல் டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுங்கள். விற்றவர் பதினாலு நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் ஏதோ சொல்லும். அவசரம் ஒன்றுமில்லை. பெயர் மாறாதவரை ரீகால் கடிதம் அம்பத்தூரில் இரண்டாவது மாடிக் குடியிருப்பு ஒன்றின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் வீட்டைக் காலி செய்து வருஷக்கணக்காகிறது. இப்போது குடியிருப்பவர் அதைப் பிரிக்காமலே பழைய பேப்பர்காரரிடம் போடுவார்.

இந்த மலையின் பெருமைக்கு இது பொருந்தாத காரியம்தான். காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று ஒரு மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதற்கான அறிகுறியைப் பிடித்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சமாச்சாரம் அந்த மலைக்கு எட்டியது. ஆலங்காயம் வழியாக அதே மலையில் ஏறும் உங்கள் வண்டியின் முன்சக்கரத்தைப் பற்றிய சமாச்சாரம் அம்பத்தூரைத் தாண்டாது. நீங்கள் ஒத்துழைத்தால் போதும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம், தப்பிப்பதற்கு உதவும். வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் 2012 ஜூலையில் ரீகாலுக்கென்று ஒரு விதிமுறையைத் தானே வகுத்துக்கொண்டது. அதுவரை நிறுவனத்துக்கு மனசு வந்தால் கூப்பிடும். அதற்கப்புறமும் மனசு வந்தால்தான் கூப்பிடும், ஆனால் முறைப்படி மனசு வரும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தானாக முன்வந்து கூப்பிடாமல் அரசின் உத்தரவு வரை விட்ட நிறுவனத்துக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வண்டி வைத்திருப்பவர் புகாரைப் பதிவுசெய்ய அரசின் வாகனத் தளத்தில் இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். புகார் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால்தான் அரசு அசையும் என்பதால், உங்கள் புகாரைச் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள். எண்ணிக்கை ஏறாது.

இன்னொரு நல்ல அம்சம், அந்த விதிகள் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். எட்டு வருட வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஏழு வருடம் முடிந்த அன்று காலையில் இரும்பு தானாகத் திருந்திவிடும் என்பது சர்க்காரின் நம்பிக்கை. ஜெர்மனியில் பிறக்காமல் போனோமே என்று வருத்தப்படவும் வேண்டாம். அங்கே பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ரீகாலை அலட்சியம் செய்தால் வண்டியின் பதிவையே நிறுத்தி ரோட்டில் ஓட விடாமல் செய்துவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறதாம். மனிதன் வாழ முடியாத தேசம்.

எந்த வண்டி வாங்குவது? என்னைக் கேட்டால், மறைமலைநகரில் பிறந்த ஈகோஸ்போர்ட்டைச் சொல்வேன். மண்ணின் மைந்தன். 2013-இல் வந்தது, நாலு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதால் பின்கதவில் ஸ்டெப்னியைத் தொங்கவிட்டுக்கொண்டும் அளவுக்குள் நின்ற சாமர்த்தியசாலி. நல்ல வண்டி, சந்தேகமில்லை. 2018-இல் அதற்கு ஒரு ரீகால் வந்தது. 2017 மே, ஜூன் மாதங்களில் சென்னை ஆலையில் செய்த 4,379 வண்டிகளில் முன்பக்க லோயர் ஆர்மின் வெல்டிங் பலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் கை. அது தளர்ந்தால் நீங்கள் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லும். இன்னும் 1,018 வண்டிகளில் முன்சீட்டின் சாய்மானப் பூட்டைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது சீட்டு தானாகச் சாய்ந்து, டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இதில் பெரிய வசதி என்னவென்றால், 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையின் கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னதைக் காதில் வாங்காதீர்கள். “கம்பெனியே போயிடுச்சு, இனிமே எவன் கூப்பிடப் போறான்” என்று டீக்கடையில் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் ஆதாரபூர்வமான தகவல்.

இதே ஈகோஸ்போர்ட் கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. அங்கே 2023 டிசம்பரில் இதையும் ஃபோகஸ் காரையும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு லிட்டர் டர்போ இன்ஜினில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம். உடைந்தால் ஆயில் அழுத்தம் போகும், இன்ஜின் நின்றுபோகலாம், இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் கூடுதல் பலமும் போகும், ஆகவே விபத்து அபாயம் என்று காரணத்தை வரிசையாக எழுதியிருந்தார்கள். பாவம், அமெரிக்கர்கள். நம்மவர்கள் இதைக் கைக்காசு செலவில்லாமல், ரீகாலும் இல்லாமல், சொந்த விருப்பத்தின் பேரில் செய்கிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுபவர்களைச் சொல்கிறேன்.

இந்தக் கலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது என் கடமை. இறக்கத்தில் இன்ஜின் எதற்கு என்பது தத்துவம். சாவியைத் திருப்பி அணையுங்கள். முதல் இரண்டு மூன்று மிதிக்கு பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் அது. பிறகு பெடல் கல்லாய் இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கும். மீதி மலைக்கு உங்கள் தொடை பலம்தான் துணை. ஜிம்முக்குப் போகிறவர்கள் இதனால்தான் நீண்ட ஆயுளோடு இருக்கிறார்கள். பழக்க தோஷத்தில் சாவியையும் உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ரோடுதான் உங்கள் பக்கம் வளைந்து வர வேண்டும். இன்ஜினை அணைக்கத் துணிவில்லாதவர்களுக்கு மிதமான பயிற்சி ஒன்று உண்டு. உச்சியில் மிதித்த பிரேக்கை அடிவாரம் வரை எடுக்காதீர்கள். டிஸ்க் காயும், பேடிலிருந்து வாடை வரும், பிரேக் ஆயிலை வருஷக்கணக்கில் மாற்றாமல் ஈரம் உறிஞ்ச விட்டிருந்தால் அது கொதித்துக் குமிழி விடும், பெடல் தரைவரை இறங்கும். முன்னால் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்கும் அரசு பஸ்ஸைப் பார்த்துச் சிரியுங்கள். அந்த டிரைவருக்கு டீசல் மிச்சம் பிடிக்கத் தெரியவில்லை.

மலைக்கு ஏற்ற மற்ற ரீகால்களையும் சொல்கிறேன், எதைத் தவறவிடலாம் என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் முள் பொய் சொல்வது ஒன்று. 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரான 39,506 கிராண்ட் விட்டாராக்களில் பெட்ரோல் அளவு காட்டும் கருவியும் எச்சரிக்கை விளக்கும் சரியான நிலையைக் காட்டாமல் போகலாம் என்று 2025 நவம்பரில் மாருதி சுசூகி கூப்பிட்டது. இதை ஏன் சரிசெய்ய வேண்டும் என்கிறேன். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மலை ஏறுவதில் ஒரு ஆன்மிகம் இருக்கிறது. புளி மூட்டை ஏற்றி வரும் பிக்கப்பை நிறுத்திக் கெஞ்சி, கேன் கேட்டு வாங்கும்போது மலைவாழ் மக்களின் விருந்தோம்பலையும் அனுபவிப்பீர்கள். “எவ்ளோ மைலேஜ் குடுக்குதுங்கண்ணா?” என்று அந்தப் பையன் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுங்கள்.

தண்ணீர் விஷயம் இன்னும் சுவாரசியம். 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை வந்த 1,81,754 பெட்ரோல் வண்டிகளை 2021 செப்டம்பரில் மாருதி கூப்பிட்டது. விட்டாரா பிரெஸ்ஸாவும் அதில் உண்டு. மோட்டார் ஜெனரேட்டர் என்ற பாகத்தைப் பார்க்க வேண்டும், அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டாதீர்கள், மின்பாகங்கள் மேல் தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்று அறிவுரையும் சொன்னது. செய்யாறு பிறக்கும் மலைக்கு ஐப்பசியில் வருகிறவரிடம் சொல்லும் பேச்சா இது? தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறதென்றால், எஸ்யூவி வாங்கியதே அதற்குத்தான். விளம்பரத்தில் ஆற்றுக்குள் பாய்ந்து இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி தண்ணீர் பறந்ததே, அதை எடுத்தவன் முட்டாளா? மச்சானைக் கீழே இறக்கி வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுப் பாயுங்கள். நடுவில் நின்றுவிட்டால் அந்த வீடியோவை அழிக்க மறந்துவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ்காரர் கண்ணில் பட்டால் ரீகாலைவிடப் பெரிய தொந்தரவு.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், அவர்களுக்கும் உண்டு. 2023 பிப்ரவரி 13 முதல் ஜூன் 6 வரை தயாரான சிவிடி கியர்பாக்ஸ் கிரெட்டா, வெர்னா 7,698-ஐ 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் கூப்பிட்டது. மின்சார ஆயில் பம்பின் கட்டுப்பாட்டுக் கருவியில் கோளாறு. அதே மாதம் அதே காரணத்துக்குக் கியா தன் செல்டோஸ் 4,358-ஐக் கூப்பிட்டது. மேக்னைட்டுக்கு முன்கதவுக் கைப்பிடி சென்சார். கதவுக் கைப்பிடிக்கு எதற்கு சென்சார் என்று என் தாத்தா இருந்திருந்தால் கேட்டிருப்பார். எனக்கும் பதில் தெரியாது.

பின்சீட்டு பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வந்த 11,177 கிராண்ட் விட்டாராக்களில் பின்சீட்டு பெல்ட்டைப் பிடிக்கும் பிராக்கெட் நாளாவட்டத்தில் தளரலாம் என்று கூப்பிட்டார்கள். நம் குடும்பங்களில் இந்த ரீகாலை யாரும் கண்டுகொள்ளாததற்கு எளிய காரணம், பின்சீட்டு பெல்ட் சீட்டு கவருக்கு அடியில் அடக்கம் ஆகி வருஷமாகிறது. ஐந்து பேர் வண்டியில் எட்டு பேர், மடியில் பலாப்பழம். பலாப்பழத்துக்குக்கூட பெல்ட் கிடையாது. முன்னால் உட்காருபவர்கள் கொஞ்சம் நவீனமானவர்கள். எச்சரிக்கை ஒலியை நிறுத்த பக்கிளில் ஒரு வெற்று கிளிப்பைச் சொருகி வைப்பார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு இந்த கிளிப்பை இணைய வணிக நிறுவனங்கள் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கவலைப்படாதீர்கள், ஆக்சசரீஸ் கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே வைத்திருப்பார். அதோடு ஒரு இரும்பு பம்பர் கார்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஏர்பேக் சென்சார் எப்போது விழிக்க வேண்டும் என்று நிறுவனம் கணக்குப் போட்டு வைத்ததை அந்த இரும்பு கலைத்துவிடும் என்பதும் ஒரு காரணமாக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்யச் சொன்னது. கம்பீரத்துக்கு முன்னால் கணக்கு எந்த மூலைக்கு?

ரீகால் வராத கோளாறுகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அங்கேதான் உங்கள் பொறுமை சோதிக்கப்படும். ஏற்றத்தில் புளி லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனால் உலர் கிளட்ச் வகை இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் சூடாகி, “நிறுத்தி ஆறவிடவும்” என்று திரையில் எழுத்து வரும். ஓரங்கட்டி நிறுத்தாதீர்கள், அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, “இது என்ன சிம்பல், யாருக்காவது தெரியுமா?” என்று கேளுங்கள். காலை வணக்கம் எட்டு வரும், பதில் வராது. எச்சரிக்கை விளக்கு மஞ்சளில் எரிந்தால் சிக்னலில் செய்கிற மாதிரியே செய்யுங்கள், வேகத்தைக் கூட்டுங்கள்.

தப்பித்தவறி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டால் அங்கேயும் உங்களுக்குத் துணை இருக்கிறது. என் நண்பர் ஒருவர் எந்த ஊர், எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லாத ஓர் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். மலை இறங்கும்போது முன்பக்கம் “டக் டக்” என்று ஒரு சத்தம். அட்வைசர் தம்பி மூன்று பதில் சொன்னார், மூன்றும் மனப்பாடம். “ஸ்கேன் போட்டுப் பார்த்தோம் சார், எரர் எதுவும் காட்டல.” “டெஸ்ட் டிரைவ் போனோம் சார், எங்களுக்கு அந்த சத்தம் வரலையே.” டெஸ்ட் டிரைவ் போனது பைபாஸில், மலையில் இல்லை. நண்பர் விடவில்லை, வற்புறுத்தினார். கடைசிப் பதில் வந்தது: “இந்த மாடல்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார், நார்மல்தான்.” எல்லா வண்டியிலும் ஒரே கோளாறு இருந்தால் அதற்குப் பெயர்தான் ரீகால் என்று நண்பர் சொல்லிப் பார்த்திருக்கிறார். தம்பி ஜாப் கார்டில் “வாட்டர் வாஷ்” என்று எழுதிக்கொண்டார். நீங்கள் அப்படி வாதாடாதீர்கள். சத்தத்தை ஜாப் கார்டில் எழுத வைத்து, தேதியோடு நகல் வாங்கி வைப்பவர்கள்தான் பின்னாளில் நுகர்வோர் நீதிமன்றம் வரை போய் உருப்படாமல் போகிறார்கள். மலையில் ஒரு மெக்கானிக் சொன்னதைக் கேளுங்கள்: “சத்தம் வந்தா பாட்டு போட்டுக்குங்கண்ணா.”

இப்படியே மூன்று கோடை விழா கழிந்தால் வண்டியை விற்கும் வேளை வரும். ரீகால் வேலை முடிக்காத வண்டி என்பது பரம்பரைச் சொத்து. பத்திரமாக அடுத்தவர் கையில் சேர்க்க வேண்டும். டேஷ்போர்டிலிருந்து அந்தத் தேதியில்லாத ஃபாரம்களை எடுங்கள், டாக்டரின் கையெழுத்து இன்னும் செல்லும். நீங்கள் நடுவில் இருந்ததே எங்கும் பதிவாகியிருக்காது, ஆகவே அது இன்னமும் சிங்கிள் ஓனர்தான். ஆலங்காயத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவார். சந்தைக்கு சாமை ஏற்றவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்கவும் வண்டி தேடுபவர். மலையில் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குவார். டயரைத் தட்டிப் பார்ப்பார், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், பானெட்டைத் தூக்கி ஒரு மரியாதைக்கு உள்ளே எட்டிப் பார்ப்பார். அவரோடு வந்த காலேஜ் படிக்கும் பையன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, “சேஸிஸ் நம்பர் சொல்லுங்க அங்கிள், ரீகால் இருக்கான்னு பாத்துடலாம்” என்றால் பதறாதீர்கள். இங்கே டவர் கிடைக்காது தம்பி என்று சொல்லி, அப்பாவுக்குத் தோளில் கைபோட்டு, விலையில் இரண்டாயிரம் குறைத்துவிடுங்கள்.